நீலாங்கரை மணலில் ராத்திரி பார்ட்டி: அனுமதி இல்லாமல் நடத்தலாமா?

நீலாங்கரை கடற்கரையில் ஜெனரேட்டர், நாலு ஸ்பீக்கர், 150 பேர். அனுமதி கேட்டால் தரமாட்டார்கள், கேட்காமலே பிப்ரவரியில் நடத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஏசி ஹாலில் ஆடுவதும் வெறுங்காலோடு ஈர மணலில் ஆடுவதும் ஒன்றா என்ன? நானும் ஒருமுறை செய்தவன்தான். பதினொன்றரைக்கு ரோந்து ஜீப் வந்தது. ஆடியவர்கள் பைக்கில் பறந்துவிட்டார்கள். வாடகை ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது நான் மட்டும். அட்வான்ஸ் போனது தனிக்கதை.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் பொதுவாகத் தடை. பீர் விற்றால் அது மதுவிலக்குச் சட்டத்தில் வேறு வழக்கு.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, நீங்கள் சொன்ன மாதம். அது பங்குனி ஆமை என்கிற கடலாமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடக் கரையேறும் காலம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை தன்னார்வலர்கள் ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். விளக்கும் ஆள் நடமாட்டமும் இருந்தால் தாய் ஆமை பாதியிலேயே திரும்பிவிடும். அப்புறம், போதையில் ஒருவன் கடலில் இறங்கினால் இருட்டில் யார் தேடுவது?

ஈசிஆரில் மதில் வைத்த பண்ணை வீடு ஒன்றைப் பிடியுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, நாலு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடியுங்கள். அதற்குமேலும் ஆட வேண்டுமா? ஆளுக்கொரு வயர்லெஸ் ஹெட்ஃபோன். முதல் பத்து நிமிடம் அசடு வழியும், பிறகு சரியாகிவிடும்.