பலகையில் கடைசிப் பெயர்

கேள்வி: காரைக்குடி பக்கம் மாமியார் தொடங்கிய பலகாரத் தொழிலை 20 வருஷமாக நடத்துகிறேன். 14 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். சென்னையில் கம்பெனி வேலையில் இருந்த மகன் இப்போது கூட வந்து நிற்கிறான். யார் எத்தனை கிலோ செய்தார்கள் என்று கணக்கெடுத்து, மாதாமாதம் வரிசை போட்டுப் பலகையில் எழுதுகிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைசி இரண்டு பேரை நிறுத்திவிட்டுப் புது ஆள் எடுக்கலாம் என்கிறான். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளே இப்படித்தான் வளர்ந்தனவாம். முதல் பட்டியலில் கடைசிப் பெயர், மாமியார் காலத்திலிருந்து அதிரசப் பாகு பார்க்கிற அம்மாவுடையது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அவனுக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை.

பதில்: ஆச்சி, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தப் பதில்.

முதலில் சாதாரணக் கணக்கு. மூன்று மாதத்துக்கு 2 பேர் என்றால் வருஷத்துக்கு 8 பேர். உங்களிடம் இருப்பதே 14. அடுத்த தீபாவளிக்குள் பாதிக்கு மேல் புதுக் கைகள் உட்கார்ந்திருக்கலாம். ஏழு சுற்றுக் கைமுறுக்கு ஒரே அளவாக வர ஒரு பெண்ணுக்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதோடு, 14 பேருமே கெட்டிக்காரிகளாக இருந்தாலும் வரிசை என்று போட்டால் இரண்டு பேர் கடைசியில் வந்துதான் தீர வேண்டும்.

அப்புறம், அந்தப் பலகை எதை அளக்கிறது? முறுக்குச் சுற்றும் வரிசையை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மாவு பிசைகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஈரம் குறையாத மாவு வரும். கடைக்கோடியில் இருப்பவருக்கு அது வந்து சேர்வதற்குள் காய்ந்து, சுற்றும்போதே விரிசல் விடும். தண்ணீர் தெளித்துத் திரும்பப் பிசைய வேண்டும். வெந்து வரும்போது சிவந்தும் போகும். அந்தப் பெண் சோம்பேறி என்று பலகை சொல்லும். உண்மையில் அது அவர் உட்கார்ந்த இடத்தின் கணக்கு.

டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் இதைப் பாசிமணி வைத்துக் காட்டுவார். பெட்டி நிறைய மணி, ஐந்தில் ஒன்று சிவப்பு. 50 குழி உள்ள கரண்டியால் அள்ளும்போது வெள்ளை மட்டும்தான் வர வேண்டும் என்பது உத்தரவு. குறைவாகச் சிவப்பு வந்தவருக்குப் பாராட்டு, அதிகம் வந்தவருக்குத் திட்டு, கடைசியில் வேலை நீக்கம். பெட்டியில் சிவப்பு மணி இருக்கிறவரை யார் அள்ளினாலும் சிவப்பு வரத்தான் செய்யும்.

மகன் சொல்லும் அமெரிக்கக் கதை பொய்யில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் 1981 முதல் 2001 வரை தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஆட்களை 20, 70, 10 சதவீதமாகப் பிரித்து, கடைசிப் பத்தை வெளியே அனுப்பும் முறையைப் பிரபலமாக்கினார். மைக்ரோசாப்டிலும் ஆட்களை வரிசைப்படுத்தும் முறை இருந்தது. நல்ல வேலைக்காரர்கள் இன்னொரு நல்ல வேலைக்காரரோடு ஒரே குழுவில் சேரவே தயங்கினார்கள் என்று அங்கே இருந்தவர்களே சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவர் திறமைசாலி என்றால் தன் இடம் கீழே இறங்கிவிடுமே! 2013 நவம்பரில் மைக்ரோசாப்ட் அந்த முறையைக் கைவிட்டது. வெல்ச் போன பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக்கும் விட்டுவிட்டது. இதையும் மகனிடம் சொல்லுங்கள்.

பக்கத்தில் இருப்பவரையே போட்டியாகப் பார்க்கிற இந்த விஷயத்தில்தான் எனக்குப் பெரிய பயம். உங்கள் தொழில் பக்கத்துக் கையைப் பார்த்துக் கற்கும் தொழில். நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தபோது எப்படி ஆள் வளர்த்தார்கள்? பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி மூன்று வருஷக் கணக்குக்குப் பொறுப்பேற்பான். மேலே இருப்பவர் சொல்லிக்கொடுத்ததால்தான் அது நடந்தது. சொல்லிக்கொடுத்தால் தன் வேலை போகும் என்ற நிலை இருந்திருந்தால் யார் வாயைத் திறந்திருப்பார்கள்?

அந்த அம்மாவைப் பாருங்கள். கரண்டியில் எடுத்த பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி" என்கிறார். பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும், இல்லை கல்லாகிவிடும். அவர் பெயரில் ஒரு கிலோகூட ஏறாது. ஆனால் அதிரசம் தட்டும் பெண்கள் பெயரில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவிலும் அவர் இருக்கிறார். இதைப் பார்க்கத் தெரியாத பட்டியலை வைத்து ஒருவர் பிழைப்பில் கை வைப்பது அநியாயம், ஆச்சி. நான் அழுத்தியே சொல்கிறேன்.

சரி, உண்மையிலேயே வேலையில் அக்கறை இல்லாதவர் இருந்தால்? தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். வீட்டில் நோயா, கை வலியா, கேளுங்கள். அவகாசம் கொடுத்தும் மாறாவிட்டால் நிறுத்தலாம். அது அவர் செய்த தவறுக்காக இருக்கட்டும்.

மகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் பார்க்கும் பிள்ளை கிடைத்திருக்கிறான், அதை நல்லபடியாகத் திருப்பிவிடுங்கள். ஒரு மாதம் வாரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் இடம் மாற்றி உட்காரவைத்துக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். இடம் மாறும்போது வரிசையும் மாறினால் அவனுக்கே விளங்கிவிடும். எத்தனை முறுக்கு உடைகிறது, மாவு எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்பதையும் குறிக்கட்டும். மாவைச் சிறு சிறு தவணையாகப் பிசைந்தாலே பாதிக் குறை தீரலாம்.

பலகையை நாளைக் காலை பெண்கள் வருவதற்கு முன் கழற்றிவிடுங்கள். அந்த அம்மா தன் பெயரை அங்கே பார்த்திருப்பார். அவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐப்பசிக்குள் இரண்டு பெண்களுக்குப் பாகுப் பதம் பழக்கித் தரும்படி கேளுங்கள். அதற்குத் தனிச் சம்பளமும் போட்டுக் கொடுங்கள்.