அழுகிறவள் விசுவாசம் குறைந்தவளா?

அன்பின் ஐயா,

என் மகன் இறந்து நான்கு மாதமாகிறது. மோட்டார் சைக்கிள் விபத்து. வயது 19. நாங்கள் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர்கள். 31ஆம் நாள் வரை வீடு நிறையச் சனம் இருந்தது. "கர்த்தருக்குப் பிரியமான பிள்ளை, அதனால் எடுத்துக்கொண்டார்" என்றார்கள். இப்போதும் நான் அழுதால், "விசுவாசமுள்ளவள் இப்படி அழலாமா?" என்கிறார்கள். ஆராதனையில் பாட வாய் வருவதில்லை. விசுவாசிகளுக்கு ஆறுதல் கிடைக்கும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

ஒரு தாய், மட்டக்களப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

அழுங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லாசரு இறந்து நான்கு நாளான பிறகுதான் இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். மார்த்தாள் எதிரே போய்ச் சொல்லும் முதல் சொல்லே, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்பதுதான். எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு அது! மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். அவரே அழுத இடத்தில் உங்களை அழாதே என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை.

"கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நம் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு நா எழாது. உங்களிடமும் சொல்லமாட்டேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். செத்தவீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூசி, ஒரு வசனத்தைக் கொண்டுவருகிறார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குத் தொல்லை.

2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் என் தங்கையைக் கடல் கொண்டுபோனது. அவளுக்கு 16 வயது. உடல் கிடைக்கவில்லை. அம்மா இரண்டு வருடம் பூசைக்குப் போகவில்லை. செபமாலையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். போகச் சொல்லி நான் வற்புறுத்தினேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அதற்கடுத்த நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அம்மா தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்தார். போய் நிற்க எங்களுக்கு ஒரு கல்லறை இல்லை. சேமக்காலை நடுவில் உள்ள பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரியைப் பற்றவைத்தார். காற்று அணைத்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி அணைந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், தன் திரிக்கு மறைப்பாக வைத்திருந்த சிரட்டையை நகர்த்தி, இரண்டு திரிக்கும் நடுவே சரித்து வைத்தார். அவரும் நாவலடிதான். சைவக் குடும்பம். மகனைப் பறிகொடுத்தவர். அவருக்கும் போய் நிற்க இடமில்லாததால் அங்கே வந்திருந்தார். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. திரி கரைந்து சிரட்டையின் தும்பு கருகும்வரை மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அம்மா பூசைக்குப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தங்கை ஏன் போனாள் என்பதற்கு அவருக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் கடவுளோடு கோபித்துக்கொண்டுதான் செபிக்கிறார். அந்தக் கோபத்தையும் நான் விசுவாசம் என்றே நினைக்கிறேன். இல்லாத ஒருவரோடு யாரும் இருபது வருடம் கோபித்துக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் சபையை இந்த ஊருக்குக் கொண்டுவந்த வில்லியம் ஓல்ட், 1814இல் இங்கே வந்து சேரும்முன் கடற்பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்திருந்தார். ஓராண்டு நிறையுமுன் அவரும் இறந்துபோனார். மட்டக்களப்பில் மெதடிஸ்த ஆராதனையைத் தொடங்கிவைத்தவரே ஒரு துக்கக்காரர். அந்த ஆராதனையில் உங்களுக்கு இடமில்லாமல் போகுமா? பாட வாய் வராத நாளில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் பாடுகிறவர்கள் உங்களுக்காகவும் பாடட்டும். சபை என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான்.

விசுவாசப் பிரமாணத்தில் "பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். வேறு சொற்களில் நாங்களும் சொல்கிறோம். இருப்பவர்களும் இறந்தவர்களும் ஒரே வீட்டார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டிருக்கிறேன். உங்கள் மகனின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இங்கே அதை வெளியிடவில்லை, அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். இறந்தவர்களுக்காகச் செபிப்பது உங்கள் சபையில் வழக்கமில்லை என்றும் சொன்னேன். நேற்றிரவு செபமாலையில் தங்கையின் பெயரைச் சொன்ன கையோடு அந்தப் பெயரையும் சொன்னார்.