சட்டைப்பை ரிவால்வரும் .22 மேக்னமும்: கேள்வி பதில்

டெக்சாஸில் கிரீன் கார்டோடு பல வருடம் இருந்துவிட்டு இப்போது லாஸ்பேட்டையில் குடியிருக்கிறேன். அங்கே அலுமினியக் கலவையில் செய்த, ஏழு தோட்டா கொள்ளும் குட்டி .22 மேக்னம் ரிவால்வர் ஒன்று என்னிடம் இருந்தது. ஊர் திரும்பும் முன் அங்கேயே விற்றுவிட்டேன். அதைப் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன் சார். அதற்கும் இந்த மேக்னத்துக்கும் என்ன வித்தியாசம்? (நெல்லிக்குப்பம்)

நீங்கள் சுட்டது .22 லாங் ரைஃபிள் தோட்டா. மேக்னம் என்பது 1959-இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. குண்டின் குறுக்களவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பித்தளைக் கூடு நீளம், சற்றுப் பருமன், உள்ளே வெடிமருந்தும் அதிகம். இரண்டுமே ரிம்ஃபயர் வகை. அதாவது தீப்பற்றும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ரைஃபிளின் நீளக் குழாயில் 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மேக்னம் குண்டு விநாடிக்கு 1,900 அடி வேகத்தை ஒட்டிப் போகும். இரண்டு அங்குலம்கூட இல்லாத ரிவால்வர் குழாயில் அதே எடைக் குண்டு ஆயிரம், ஆயிரத்து நூறு அடிதான். மிச்ச மருந்து குழாய்க்கு வெளியே எரிகிறது. அதனால்தான் அவ்வளவு சத்தம், அந்தியில் சுட்டால் அவ்வளவு பெரிய தீப்பிழம்பு. குட்டைக் குழாய்க்கென்றே செய்த தோட்டாக்கள் உண்டு. பிழம்பு கொஞ்சம் அடங்கும், சத்தம் அடங்காது. காதுக்குள் அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் போட்டுக்கொள்ளாமல் நான் சுட்டதில்லை.

லேசான துப்பாக்கி, சுடும்போது கையில் பின்னோக்கி வரும் உதையும் குறைவு. அப்படியானால் புதிதாகக் கற்பவருக்குச் சுலபம்தானே அண்ணே? (முத்தியால்பேட்டை)

இல்லை தம்பி, நேர்மாறு. எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்.

உதை குறைவு என்பது உண்மை. ஆனால் குறி தவறுவதற்கு உதை மட்டுமா காரணம்? விசையை, அதாவது ட்ரிகரைப் பாருங்கள். விளிம்பை நசுக்க ஊசி பலமாக அடிக்க வேண்டும், அதற்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். அதனால் ரிம்ஃபயர் ரிவால்வரின் இரட்டைச் செயல் விசையை (ஒரே இழுப்பில் சுத்தியலைப் பின்னிழுத்து அடிக்கவும் வைப்பது) இழுக்க ஆறு கிலோ அளவுக்கு அழுத்தம் தேவைப்படும். இதே வகையான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 351பிடி மாடலின் எடை 300 கிராமை ஒட்டித்தான் இருக்கும். முந்நூறு கிராம் பொருளை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப் போல் இருபது மடங்கு பலத்தில் ஒரு விரலால் இழுத்தால் அது ஆடாமல் இருக்குமா? எஃகு ரிவால்வரில் எடையே கையை நிதானப்படுத்தும். இதில் அந்த உதவி கிடையாது. போதாததற்குக் குறிபார்க்கக் குழாய் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. கையில் ஒரு நூலளவு ஆட்டம், பலகையில் ஒரு சாண்.

ஏழு கெஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தொடர்ந்து அடிக்க முடிந்தாலே நல்ல சுடுநர் என்பேன். ருகர் எல்.சி.ஆர். மாதிரி இதைவிடச் சற்றுக் கனமான ரிவால்வரில், 470 கிராம் இருக்கும் என்று வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஆறு தோட்டாதான் என்றாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

விரல் பழக வெறுமனே விசை இழுத்துப் பயிற்சி செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் இழுத்தால் ஊசி நேராகத் தோட்டா அறையின் விளிம்பில் அடித்துத் தழும்பாக்கிவிடும். சில தயாரிப்பாளர்கள் பரவாயில்லை என்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள். கூட வரும் புத்தகத்தைப் படியுங்கள், இல்லாவிட்டால் பயிற்சிக்கான போலித் தோட்டா போடுங்கள்.

வெடிக்காமல் போனால்? (வில்லியனூர்)

ரிம்ஃபயரில் இது சகஜம். விளிம்பில் மருந்து சீராகப் பரவாத இடத்தில் ஊசி அடித்தால் வெடிக்காது. பயிற்சி இடத்தில் குழாயை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. உடனே தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் திறந்து எட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

இன்னொரு தொல்லை, வெற்றுக் கூடு. மேக்னம் கூடு 27 மில்லிமீட்டர் நீளம். குட்டி ரிவால்வரின் வெளித்தள்ளும் கம்பி அதைவிடக் குட்டை. பாதி தள்ளும், மீதியை நகத்தால் பிடுங்க வேண்டியதுதான். அறைகளைத் தூரிகை போட்டுச் சுத்தமாக வைத்திருந்தால் சண்டை குறையும்.

மேக்னம் தோட்டா விலை அதிகமாம். சாதாரண .22 தோட்டாவும் உள்ளே போகிறது என்று அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். (பாகூர்)

போகும், ஆனால் போடக் கூடாது. சாதாரணக் கூட்டின் பருமன் 5.7 மில்லிமீட்டர், மேக்னம் கூடு 6.1. அறைக்குள் தொளதொளவென்று நிற்கும். வெடித்தால் கூடு உப்பிக் கிழியும், சூடான வாயுவும் பித்தளைத் துணுக்கும் பின்னால் முகத்துக்கு வரும். இரண்டு தோட்டாவும் வேண்டுமென்றால் ருகர் சிங்கிள்-சிக்ஸ் போல இரண்டு உருளையோடு வரும் ரிவால்வர்கள் இருக்கின்றன. ஆனால் அவை சட்டைப்பை அளவு கிடையாது. மைத்துனரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

என் மகன் டல்லாஸில் ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். நண்பர்களைப் பார்த்து அவனும் ஒன்று வாங்கப் போகிறானாம். பயமாக இருக்கிறது தம்பி. (கடலூர் ஓ.டி.)

அம்மா, இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள். ஹெச்-1பி போன்ற, குடியேற்றம் அல்லாத விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அதிகபட்சம் 15 வருடச் சிறை, விசாவும் போகும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு என்பதும் நிஜம்தான். ஆனால் அதை நம்பி இறங்குமுன் அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்கட்டும், கடைக்காரரிடமோ அறை நண்பரிடமோ அல்ல. வாடகைக்கு எடுத்து ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) சுடுவதும் சட்டத்தின் கண்ணில் கையில் வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவர முடியுமா? (அரியாங்குப்பம்)

இந்திய உரிமமும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் முடியாது. துப்பாக்கியை விடுங்கள், ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்தது என்று பின்னால் நீதிமன்றத்தில் வழக்கு ரத்தாகலாம். அதுவரை அலைச்சல் உங்களுடையது. ரேஞ்சுப் பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

இங்கேயே உரிமம் எடுத்து இதே மாதிரி ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். (திருப்பாதிரிப்புலியூர்)

வயது 21 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்கு. மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. ஏன் வேண்டும் என்பதற்குக் காரணம் வலுவாக இல்லாவிட்டால் கிடைப்பது கடினம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்க முடியும்; உரிமம் ஐந்து வருடம் செல்லும்.

உரிமம் வந்தாலும் ஆசைப்பட்ட மாடலைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். முதலில் எந்தத் தோட்டா தடையில்லாமல் கிடைக்கிறது என்று டீலரிடம் கேளுங்கள், அப்புறம் துப்பாக்கியைப் பார்க்கலாம். அரசுத் தொழிற்சாலைகள் .22 லாங் ரைஃபிளுக்கும் .32-க்கும் தோட்டா செய்கின்றன. மேக்னம் அப்படியில்லை. தோட்டா கிடைக்காமல் பயிற்சியே செய்யாத ரிவால்வர் பீரோவில் இருக்கும் ஆபத்து, அவ்வளவுதான். லேசானதுதான் வேண்டுமென்றால் 2014-இல் கான்பூரில் இருந்து வந்த நிர்பீக் ரிவால்வர் இருக்கிறது: .32, ஆறு தோட்டா, டைட்டானியக் கலவை, அரைக்கிலோ. வெளிவந்தபோதே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்.

கடலூர் உரிமத்தோடு பாண்டிக்குப் போய்வரலாமா? (மஞ்சக்குப்பம்)

உரிமத்தில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் எல்லையில் இருக்கும் முள்ளோடையோடு உங்கள் உரிமம் முடிந்தது. நம் பக்கம் எல்லை நேர்கோடு இல்லை. இந்த ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி, அதற்கடுத்தது மறுபடி தமிழ்நாடு என்று வரும். வழி தெரிந்தவர்களுக்கே குழப்பம். பகுதியை விரிவாக்க மனு கொடுங்கள், அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுத்துவிட்டு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

முந்திரித் தோப்பில் காட்டுப்பன்றித் தொல்லை. இது உதவுமா? (பண்ருட்டி)

உதவாது. காட்டுப்பன்றியை நாமாகச் சுடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், வனத்துறையிடம்தான் போக வேண்டும். அது போக, இந்தக் குட்டைக் குழாயால் பன்றியைக் காயப்படுத்திக் கோபமூட்டத்தான் முடியும்.

மகளுக்குத் துப்பாக்கி சுடும் போட்டியில் ஆர்வம். இதில் தொடங்கலாமா? (ரெட்டியார்பாளையம்)

வேண்டாம். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டி .22 லாங் ரைஃபிளில்தான், மேக்னத்துக்கு இடமில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கட்டும். ரைபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்கள்.

கடற்கரை வீடு, உப்புக்காற்று. அலுமினியம் என்றால் துரு பிடிக்காதுதானே? தேங்காய் எண்ணெய் தடவலாமா? (தேவனாம்பட்டினம்)

துப்பாக்கியின் உடற்சட்டகம் அலுமினியம்தான். ஆனால் குழாயின் உள்ளே, ஊசி, ஸ்பிரிங் ஆகியவற்றில் எஃகு உண்டு, துருப்பிடிக்காத எஃகிலும் நம் காற்றுக்குப் புள்ளி விழும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள். தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்காகிவிடும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். அறைகளுக்குள் எண்ணெய் தேங்கினால் அது தோட்டாவுக்குள் கசிந்து வெடிக்காமல் செய்துவிடும்.