அப்பா வண்டியில் இருந்துகொள்வார்

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். ஜூலை கடைசியில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து ஐந்து வாரம் தெற்கு ஐரோப்பாவைச் சுற்றப் போகிறோம். ஸ்பெயினில் கிரனாடா, செவில், பிறகு பிரான்சின் தென்கரை வழியாக இத்தாலியின் சிசிலி வரை. எங்கள் இரண்டு லாப்ரடார்களும் வருகின்றன. மூத்ததற்கு 11 வயது, மூட்டுவலி. அதற்கென்று தனி மெத்தை வாங்கிவிட்டோம். கோட்டை, அரண்மனைகளுக்குள் நாய்களை விடமாட்டார்கள். அப்பா (78, ஊரில் புவியியல் ஆசிரியராக இருந்தவர்) அதிகம் நடக்கமாட்டார். அவர் வண்டியில் நாய்களோடு இருந்துகொள்வார், அவருக்கும் அதுதான் வசதி. வண்டியில் ஏசி இருக்கிறது. நாய்களுக்கு என்னென்ன காகிதங்கள் தேவை? மணல் ஈ நோய்க்கு என்ன செய்வது? வயதான நாயை இந்த வெயிலில் இழுத்துக்கொண்டு போவது பாவமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காகித விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நாய்க்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்க வேண்டும். அதைப் பொருத்திய பிறகு போட்ட ரேபிஸ் தடுப்பூசியும் வேண்டும். முதல் முறை ஊசி போடுவதானால் 21 நாள் கழித்தே எல்லை தாண்டலாம். பிரிட்டனில் வாங்கிய பழைய செல்லப்பிராணி பாஸ்போர்ட் 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாது. அதற்குப் பதிலாக, அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவரிடம் விலங்கு நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஐரோப்பாவில் நுழைவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் அதில் கையெழுத்தாகியிருக்க வேண்டும். எல்லா மருத்துவர்களும் அதைத் தருவதில்லை. விடுமுறைக் காலத்தில் நேரம் கிடைப்பதும் கடினம், இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். திரும்பும்போது, பிரிட்டன் வந்து சேர்வதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அங்குள்ள கால்நடை மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்து, சான்றிதழில் குறித்துத் தர வேண்டும்.

மணல் ஈக்கு நீங்கள் பயப்படுவது நியாயம். ஸ்பெயின், இத்தாலி, தென்பிரான்ஸ் எங்கும் அது பரப்பும் லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் உண்டு. அந்த ஈ கொசுவைவிடச் சிறியது, சாதாரண கொசுவலைக்குள் புகுந்துவிடும், அந்தி சாய்ந்தது முதல் விடியும்வரை கடிக்கும். டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த கழுத்துப்பட்டையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது மாட்டுங்கள். இருட்டியதும் நாய்களை உள்ளே ஏற்றிவிடுங்கள். நோய் தொற்றினால் மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். கண்ணைச் சுற்றி முடி உதிர்வது, நகம் தாறுமாறாக வளர்வது, உடல் மெலிவது, இவற்றில் எதைக் கண்டாலும் ஸ்பெயின் போய்வந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாய்கள் பற்றிய கேள்விகளில் இரண்டு முடிந்தன. மூன்றாவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வயதான நாயை வெயிலில் கூட்டிப்போவது பாவமா என்று கேட்கிறீர்கள். அதே வெயிலில், அதே வண்டிக்குள், அதே நாயோடு 78 வயது மனிதரை உட்காரவைக்கப் போவதாக இரண்டு வரிக்கு முன்னால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பாவமா என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. நாய்க்கு மூட்டுவலி என்று தெரிகிறது, மெத்தைகூட வாங்கியாகிவிட்டது. அப்பாவுக்கு ஏன் நடக்க முடியவில்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அந்த வண்டியில் எங்கே படுப்பார், இரவில் கழிப்பறைக்கு எப்படி எழுந்து போவார்? கடிதத்தில் ஒரு சொல் இல்லை. இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறையவே வருகின்றன. நல்ல பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். அதனால்தான் கோபம் வருகிறது.

ஏசி இருக்கிறது என்கிறீர்கள். வாடகைக்குக் கொடுத்தவரிடம் ஒன்று கேளுங்கள்: எஞ்சினை நிறுத்தியபின் அது ஓடுமா? ஓட்டுநர் பக்கத்து ஏசி எஞ்சினோடு நின்றுவிடும். கூரையில் பொருத்திய ஏசி பெரும்பாலான வண்டிகளில் கேம்ப்சைட்டின் (இத்தகைய வண்டிகள் தங்கும் இடம்) மின் இணைப்பில் செருகினால்தான் வேலை செய்யும். நீங்கள் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குள் போகும்போது வண்டி நிற்கப்போவது வாகன நிறுத்துமிடத்தில். அங்கே செருகுவதற்கு எதுவும் இருக்காது. அரண்மனையையும் தோட்டங்களையும் பார்த்து வர மூன்று மணி நேரமாவது ஆகும். வெளியே 22 டிகிரி இருக்கும்போதே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறலாம் என்று பிரிட்டனின் விலங்கு நல அமைப்புகள் எச்சரிக்கின்றன. மோட்டார்ஹோம் பெரியது, ஜன்னல்கள் உண்டு, உண்மைதான். ஆனால் ஆகஸ்டில் செவிலில் 22 டிகிரி இருக்காது, 40 சாதாரணம். சிசிலியில் சிராகுசா அருகே 2021 ஆகஸ்டில் பதிவான 48.8 டிகிரிதான் ஐரோப்பாவின் உச்சம்.

சரி, ஜன்னலைத் திறந்துவைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். நாய்க்குச் சிறுநீர் முட்டுகிறது. ஒரு லாப்ரடார் 30 கிலோ இருக்கும். நடக்கச் சிரமப்படும் மனிதர் இரண்டு கயிற்றையும் கையில் சுற்றிக்கொண்டு அந்த உயரமான படியிலிருந்து தார்த்தரையில் இறங்க வேண்டும். எதிரே ஒரு பூனை ஓடினால் போதும். விழுந்தால் யாரைக் கூப்பிடுவார்? எந்த மொழியில்? இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் வெயிலில் உடல் வெகு சீக்கிரம் வற்றிவிடும். முதுமையில் தாகமும் சரியாகத் தெரியாது.

2003 ஆகஸ்டில் பிரான்சைத் தாக்கிய வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். நாடே விடுமுறைக்குப் போயிருந்த மாதம் அது. உரிமை கோர யாரும் வராத 57 உடல்களைப் பாரிஸ் அருகே தியே கல்லறையில் அடக்கம் செய்தபோது, நாட்டின் ஜனாதிபதி ஜாக் சிராக்கே வந்து நின்றார். அந்த முதியவர்களை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. 'அவருக்கு அதுதான் வசதி' என்றுதான் அந்த வீடுகளிலும் நினைத்திருப்பார்கள்.

அவருக்கு அதுதான் வசதி என்று யார் சொன்னது? அவரிடம் கேட்டீர்களா, அல்லது நீங்கள் சொன்னபோது அவர் தலையாட்டினாரா? மகள் வீட்டில் இருக்கும் தகப்பன், கோயிலுக்குப் போகவும் யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு என்ற நிலையில் இருப்பவர், "நீங்கள் போய் வாருங்கள் பிள்ளை, நான் இருக்கிறேன்" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. புவியியல் ஆசிரியர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜிப்ரால்டர் நீரிணையையும் எட்னா எரிமலையையும் கரும்பலகையில் வரைந்து எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்! அந்தக் கடற்கரை வரை கூட்டிக்கொண்டு போய், வாகன நிறுத்துமிடத்தில் நாய்க்குக் காவல் வைக்கப் போகிறீர்கள். பெற்றவரைக் கூட்டிப்போவது கடமை என்றால் அவருக்கும் காட்டுவதற்காகக் கூட்டிப்போக வேண்டும். நாய்க்கு ஆள் வேண்டும் என்பதற்காக அல்ல.

பள்ளி விடுமுறையை நகர்த்த முடியாது. ஆகவே மாதத்தை விடுங்கள், வழியை மாற்றுங்கள். தெற்கு ஸ்பெயினும் சிசிலியும் ஆகஸ்டில் வேண்டாம். மூத்த நாய்க்கும் அதுவே என் பதில். போர்ட்ஸ்மவுத்திலிருந்து வடக்கு ஸ்பெயினின் சான்டாண்டருக்குக் கப்பல் இருக்கிறது. ஒரு நாளுக்கும் மேல் ஆகும், ஆனால் அப்பா கால் நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். நாய்களை உடன் வைத்துக்கொள்ளும் அறைகளும் உண்டு, அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த வட்டாரத்துக் கான்டாப்ரியா, அஸ்டூரியாஸ் கரையில் ஆகஸ்டிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டித்தான். மின் இணைப்புள்ள கேம்ப்சைட்டில் நான்கைந்து நாள் தங்குங்கள். கோடையில் அங்கே பல கடற்கரைகளில் நாய்களுக்குத் தடை. அனுமதி உள்ளதைப் பார்த்து இடம் பிடியுங்கள். வெளியே போகும் நாட்களில் நீங்களோ உங்கள் கணவரோ ஒருவர் நாய்களோடு தங்குங்கள், மறுநாள் மற்றவர். மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்குள்ள அல்டமிராவின் கற்காலக் குகை ஓவியங்களுக்கான நகல் குகைக்கு அப்பாவைத் தள்ளிக்கொண்டு போகிற வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

அவருடைய குடும்ப மருத்துவரைப் பார்த்து, ஐந்து வாரத்துக்கான மாத்திரைகளும் அவற்றின் பட்டியலும் வாங்குங்கள். பிரிட்டனின் ஜிஹெச்ஐசி (GHIC) என்ற இலவச மருத்துவ அட்டை அங்குள்ள அரசு மருத்துவமனைச் செலவுக்கு உதவும். அவரை பிரிட்டனுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவை ஏற்காது. பயணக் காப்பீட்டில் அவருடைய நோய்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், கணவரும் பிள்ளைகளும் இல்லாத நேரமாகப் பார்த்து, வரைபடத்தை விரித்துவைத்து அப்பாவிடம் கேளுங்கள்: வர விருப்பமா, எதைப் பார்க்க ஆசை? வரவில்லை என்று அவர் சொன்னால், அந்த ஐந்து வாரம் ஹாரோவில் அவரோடு யார் தங்குவது என்று முடிவாகும்வரை கப்பலுக்குப் பணம் கட்டாதீர்கள்.