பிரம்பு வளையம் எதற்கு?

அன்புள்ள ஐயா,
வணக்கம். மகனின் பள்ளிக் கண்காட்சிக்கு எங்கள் ஊர்ப் பழைய ரயில் நிலையத்தை அட்டையில் செய்கிறோம். ஏறி இறங்க நாலு பேர்தான் இருந்தார்களாம். அதற்கு ஏன் மூன்று தண்டவாளம்? ஓடும் ரயிலுக்கு பிரம்பு வளையம் நீட்டுவார்கள் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தபால் பையா அது?
— ஒரு வாசகி, லாபிஸ், மலேசியா

அன்புள்ள சகோதரி,

தபால் இல்லை. அடுத்த நிலையம்வரை போக அந்த ரயிலுக்குக் கிடைத்த அனுமதி அது.

உங்கள் ஊர் வழியே போகும் கெமாஸ் - ஜொகூர் பாரு பாதை 1909இல் முடிந்தது. மீட்டர் அகலம், ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் ஒன்று ஒதுங்கியாக வேண்டும். சின்ன ஊர் நிலையங்களுக்கு முதல் வேலையே அதுதான், டிக்கெட் விற்பதெல்லாம் பிறகு. ஒதுங்கவே இரண்டாவது தண்டவாளம். இரண்டு ரயிலுமே அதைவிட நீளமாக இருந்தால் அங்கே விலக வழியில்லை. மூன்றாவது, சரக்குக்கு. ரப்பர் ஷீட் கட்டு (பேல்) ஒன்று 111.11 கிலோ, ஒன்பது சேர்ந்தால் ஒரு டன். ஓடும் பாதையை அடைத்துக்கொண்டு அதையெல்லாம் ஏற்ற முடியுமா?

இனி வளையம். அதன் அடியில் ஒரு சின்னப் பை, பைக்குள் கனமான உலோகச் சாவி: டோக்கன். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த பெட்டிகள் இருக்கும். இங்கிருப்பவர் மணியடித்துக் கேட்பார். அங்கிருப்பவர் பாதை காலி என்று பார்த்துப் பெட்டியின் பூட்டை விடுவிப்பார். அப்போதுதான் இங்கே சாவி வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும், இன்னொன்றை எடுக்கவே முடியாது. ரயில் போய்ச் சேர்ந்து, சாவியை அங்குள்ள பெட்டியில் போட்டால்தான் பூட்டு விலகும். மனிதன் மறந்தாலும் இரும்பு மறக்காது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குள்ள மதிப்பே அதனால்தான்.

சாவியில் இரண்டு ஊர்ப் பெயரும் பொறித்திருக்கும். ஓட்டுநர் அதைப் படித்துப் பார்த்த பிறகே வேகமெடுக்க வேண்டும். இரு நிலையங்களுக்கு இடையிலான பாதை ஒரு பகுதி. அடுத்த பகுதியின் சாவிக்கு வெட்டு வேறு, இந்தப் பெட்டியில் நுழையாது.

சிக்கலும் உண்டு. கைமாறும்போது வளையம் கீழே விழுந்தால் ரயிலை நிறுத்திவிட்டுத் தேட வேண்டியதுதான். பழைய சாவியைக் கொடுக்க மறந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டால், அது திரும்பும்வரை அந்தப் பகுதி பூட்டியே கிடக்கும். ஒரே திசையில் ரயில்கள் அதிகம் போனால் சாவிகள் ஒரு பக்கமே குவியும். ஸ்டேஷன் மாஸ்டர் இஷ்டத்துக்கு அள்ளிக்கொண்டு வரக்கூடாது. சிக்னல் பராமரிப்பாளர் வந்து பெட்டியைத் திறந்து, கணக்கு எழுதி மாற்றுவார்.

சிங்கப்பூர் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் 30வரை இப்படித்தான் கைமாற்றினார்கள். இன்று உங்கள் பக்கமும் இரட்டைப் பாதை, மின்சார ரயில். ஒதுங்கி நிற்கும் வேலை போய்விட்டது. பழைய நிலையங்கள் வெறிச்சோட முக்கியக் காரணம் அதுவே என்பேன்.

தம்பியிடம் சொல்லுங்கள்: வளையம் கைமுட்டிவரை நுழையும் அளவு பெரிதாக இருக்கட்டும். ஓடும் ரயிலிலிருந்து விரலால் பிடிப்பதில்லை, மடக்கிய கையை உள்ளே விட்டு வாங்குவார்கள். பையை மறக்காமல் ஒட்டச் சொல்லுங்கள்.