தொலைந்துபோன மௌனப் படங்களில் ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்றால், எதைப் பார்ப்பீர்கள்?

‘தி பாட்டர்ஸ்’. யோசிக்கவே வேண்டாம்.

1927 ஜனவரியில் பாரமவுண்ட் வெளியிட்ட நகைச்சுவைப் படம். நாயகன் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ். ஹரால்ட் லாயிட் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குவாரே, அந்த ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவரான ஃப்ரெட் நியூமேயர்தான் இதை இயக்கினார். இன்று ஒரு பிரதிகூட இல்லை.

பாட்டர் ஒரு நடுத்தரக் குடும்பத் தலைவர். வீட்டுச் சேமிப்பிலிருந்து 4,000 டாலரை எடுத்து எண்ணெய்க் கம்பெனிப் பங்குகளில் போடுகிறார். அவை செல்லாக் காகிதம் என்று ஆகிவிடுகிறது. கடைசியில் எண்ணெய் கிடைத்து, குடும்பத்துக்கே யோகம் அடிக்கிறது.

எனக்கு அந்த யோகத்துக்கு முந்தைய பகுதிதான் வேண்டும். தொண்ணூறுகளில் என் அப்பா, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு ஃபைனான்ஸில் பணம் போட்டிருந்தார். அதை இழுத்து மூடிய அன்று வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்கு அதிலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

அந்த இடத்தில் ஃபீல்ட்ஸ் எப்படி நின்றிருப்பார்? அவர் என்றாலே இழுத்து இழுத்துப் பேசும் குரல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மேடையில் வாயே திறக்காமல் பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடித்துப் பெயர் வாங்கியவர் அவர். கையும் தோளும் போதும் அவருக்கு.

‘பாட்டர்ஸ்’ படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதிய ஜே. பி. மெக்இவாயின் சரக்கு நிறையச் சேர்ந்த இன்னொரு படம், 1934-ல் வந்த ‘இட்ஸ் எ கிஃப்ட்’. அது பேசும் படம், நல்லவேளையாக இருக்கிறது. அதிலும் ஃபீல்ட்ஸ் குடும்பத்தின் பேச்சைக் கேட்காமல் ஆரஞ்சுத் தோட்டம் என்று நம்பிப் பொட்டல் காட்டை வாங்கிவிடுகிறார். பக்கத்தில் குதிரைப் பந்தய மைதானம் வருவதால் தப்பிக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ‘பாட்டர்ஸ்’ ஏக்கம் கூடிவிடுகிறது.

இது ஒன்றுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த கிட்டத்தட்ட 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியான வடிவிலேயே மிஞ்சியிருப்பவை வெறும் 14 சதவீதம். அன்றைய படங்கள் பதிவான நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். தீயில் தப்பினாலும் பிசுபிசுத்துப் பொடியாகும். பேசும் படம் வந்தபின் பழையதைக் காப்பாற்ற யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

ஆனாலும் 1978-ல் கனடாவின் டாசன் நகரில், மண்ணுக்கடியிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ரீல்கள் கிடைத்தன. ‘பாட்டர்ஸ்’ படத்திலும் ஒரே ஒரு ரீல் எங்காவது கிடைக்குமென்றால், அது கடைசி ரீலாக இருக்க வேண்டாம். நடு ரீலாக இருக்கட்டும்.