முஸ்ஸேயை நாடகாசிரியர் என்று ஏன் சொல்கிறார்கள்?

ஆல்ஃபிரெட் த முஸ்ஸேயைக் கவிஞராகவும், ஜார்ஜ் ஸாந்த் என்ற பெயரில் எழுதிய பிரெஞ்சுப் பெண் நாவலாசிரியரின் காதலராகவும் மட்டுமே தெரியும் என்றும், அவரை முக்கியமான நாடகாசிரியராகக் கருதுவது ஏன், எந்த நாடகத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சு ஓரளவு படிக்க வந்த நாளிலிருந்து நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் எழுத்தாளர் இவர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு நாடகங்களில் இன்றும் உயிர்ப்போடு இருப்பவை எவை என்று என்னைக் கேட்டால், விக்டர் ஹ்யூகோவின் நாடகங்களுக்கு முன்பாக முஸ்ஸேயின் நாடகங்களையே சொல்வேன்.

பாரிஸில் 1810 டிசம்பர் 11 அன்று பிறந்த முஸ்ஸே, தமது இருபதாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னதாக, 'வெனிஸ் இரவு' என்ற சிறு நாடகத்தை ஓதெயோன் அரங்கில் மேடையேற்றினார். தொடக்கத்திலேயே கூச்சலும் சீழ்க்கையும் எழுந்தன. வெண்பட்டு உடை அணிந்திருந்த கதாநாயகி, மேடையில் நிறுத்தப்பட்டிருந்த தோட்டத்துக் கட்டம் கட்டமான சட்டத் தட்டியில் சாய்ந்தார். அதில் பூசியிருந்த பச்சை வண்ணம் இன்னும் காயவில்லை. அவர் அவையினர் பக்கம் திரும்பியபோது உடையெங்கும் பச்சைக் கட்டங்கள் பதிந்திருந்தன. அதன்பின் எழுந்த சிரிப்பில் வசனம் எதுவும் காதில் விழவில்லை. நாடகம் இரண்டே முறை மேடையேறியபின் நிறுத்தப்பட்டது. அந்த இரவைப் பற்றிப் பிற்காலத்தில் விரிவாக எழுதியவர் அவருடைய அண்ணன் போல் த முஸ்ஸே.

இனி அரங்குக்காக எழுதுவதில்லை என்று அந்த இளைஞர் எடுத்த முடிவுதான் பிரெஞ்சு நாடகத்துக்குக் கிடைத்த பெரும் பேறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் நாடகம் எழுதுவதை நிறுத்தவில்லை. படிப்பதற்கென்றே எழுதி, இதழ்களிலும் நூலாகவும் வெளியிட்டார். 1832இலும் 1834இலும் வந்த அத்தொகுப்புகளுக்கு அவர் வைத்த பெயர் 'சாய்வு நாற்காலியில் ஒரு நாடகம்' என்பதாகும். திரைச்சீலையை எத்தனை முறை மாற்ற முடியும், நடிகருக்கு உடை மாற்ற நேரம் இருக்குமா, முன்வரிசையினருக்குப் பொறுமை இருக்குமா என்ற கவலைகள் எதுவும் இல்லாமல், தெருவிலிருந்து அரண்மனைக்கும் அங்கிருந்து ஆற்றங்கரைக்கும் ஒரே பக்கத்தில் தாவக்கூடிய சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது. ஷேக்ஸ்பியரைப் பின்பற்ற வேண்டும் என்று ஹ்யூகோவின் வட்டத்தினர் அனைவரும் பேசிக்கொண்டிருந்தபோது, மேடையை விட்டு விலகியிருந்த இவருக்கே அது மற்றவர்களைவிட முழுமையாகக் கைகூடியது.

அதற்குச் சிறந்த சான்று 1834இல் வெளிவந்த 'லொரென்ஸாச்சோ'. 1537இல் ஃபிளாரன்ஸ் நகரத்துக் கோமகன் அலெஸாந்த்ரோ மெடிச்சியை அவனுடைய உறவினன் லொரென்ஸோ கொன்ற வரலாற்றை ஜார்ஜ் ஸாந்த் ஏற்கெனவே நாடகக் காட்சிகளாக எழுதிவைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் படியை முஸ்ஸேக்குக் கொடுத்தவரும் அவரே. முஸ்ஸே அதை ஐந்து அங்கங்கள் கொண்ட, நகரம் முழுவதும் பேசுகிற பெருநாடகமாக்கினார். கொடுங்கோலனை நெருங்குவதற்காக லொரென்ஸோ கோழையாகவும் கேளிக்கைக்காரனாகவும் வேடமிடுகிறான். மூன்றாம் அங்கத்தில், முதியவரான ஃபிலிப்போ ஸ்த்ரோஸியிடம் அவன் மனம் திறக்கும் நீண்ட காட்சி ஒன்று வருகிறது. தீயொழுக்கம் தனக்கு ஓர் ஆடையாக இருந்தது என்றும், இப்போது அது தோலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றும் அவன் சொல்லும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதில் கடந்து போக முடிவதில்லை. கொலை நிறைவேறுகிறது; ஆனால் நகரம் எழவில்லை, இன்னொரு மெடிச்சி அரியணை ஏறுகிறான். 1830 ஜூலையில் தெருவில் இறங்கிப் போராடி ஓர் அரசனை விரட்டிய பாரிஸ் மக்கள், உடனே இன்னோர் அரசனைப் பெற்றதைக் கண்ட தலைமுறைக்கு இதன் பொருளை யாரும் விளக்கத் தேவை இருந்திருக்காது.

ஸாந்துடனான உறவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. 1833 இறுதியில் இருவரும் வெனிஸுக்குச் சென்றார்கள்; அங்கே முஸ்ஸே கடும் நோயில் வீழ்ந்தார்; அவருக்கு மருத்துவம் செய்த பஜெல்லோவை ஸாந்த் விரும்பினார்; முஸ்ஸே தனியே ஊர் திரும்பினார். நாடகத்தைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 'காதலோடு விளையாடலாகாது' நாடகத்தில் கதாநாயகன் பெர்திகான் பேசும் புகழ்பெற்ற உரையின் முடிவு, பலமுறை துன்புற்றேன், சிலமுறை தவறினேன், ஆனாலும் நேசித்தேன் என்று வரும். அந்தச் சொற்கள் ஸாந்த் முஸ்ஸேக்கு எழுதிய கடிதம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ அப்படியே எடுக்கப்பட்டவை.

மேடை அவரை மீண்டும் அழைத்தது 1847 நவம்பரில்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நடித்துவந்த பிரெஞ்சு நடிகை திருமதி அல்லான், முஸ்ஸேயின் 'ஒரு சபலம்' நாடகத்தை அங்கே நடித்துப் புகழ் பெற்று, பாரிஸுக்குத் திரும்பியதும் கொமெதி ஃப்ரான்சேஸ் அரங்கில் அதையே நடித்தார். வெற்றி பெரிதாக இருந்தது. அடுத்த ஆண்டே முஸ்ஸேயின் வேறு நாடகங்களும் அரங்கேறின. ஆனால் அவருடைய நல்ல எழுத்துக் காலம் அதற்குள் முடிந்திருந்தது. மது அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1848 புரட்சிக்குப் பின் உள்துறை அமைச்சக நூலகர் பதவியும் பறிபோனது. 1852இல் பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பாகிய பிரெஞ்சுக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதயத்தின் பெருநாடி வால்வு பழுதுற்றிருந்ததால், நாடி துடிக்கும்தோறும் அவருடைய தலை இலேசாக ஆடும். 1842இல் ஒரு காலை உணவின்போது இதைக் கவனித்துத் தாயும் அண்ணனும் கேட்க, அவர் இரண்டு விரல்களால் கழுத்தை அழுத்திப் பிடித்து ஆட்டத்தை நிறுத்திக் காட்டினாராம். மருத்துவ நூல்களில் அது இன்றும் முஸ்ஸே அறிகுறி என்றே வழங்குகிறது. 1857 மே 2 அன்று, 46 வயதில் அவர் இறந்தார்.

'லொரென்ஸாச்சோ' அவர் வாழ்நாளில் மேடையேறவே இல்லை. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் அண்ணன் முயன்றபோது, ஆட்சியாளனைக் கொல்வதைப் பேசும் நாடகம் என்று தணிக்கையாளர்கள் மறுத்துவிட்டார்கள். 1896இல் புகழ்பெற்ற நடிகை சாரா பெர்னார், பெரிதும் வெட்டிச் சுருக்கப்பட்ட வடிவில், லொரென்ஸோவாகத் தாமே ஆண்வேடமிட்டு நடித்தார். அதன்பின் நெடுங்காலம் அது நடிகைகளுக்குரிய வேடமாகவே இருந்துவந்தது. 1952இல் அவிஞ்ஞோன் நகரில், போப் அரண்மனையின் திறந்தவெளி முற்றத்தில் நடிகர் ஜெரார் ஃபிலிப் அவ்வேடத்தை ஏற்று, நாடகத்தையும் தாமே நெறிப்படுத்தினார். முகப்புச் சட்டகமும் திரையும் இல்லாத அந்த வெறும் மேடையில்தான், மேடைக்கு ஒவ்வாதது என்று சொல்லப்பட்ட நாடகம் தனக்கு வேண்டிய இடத்தைக் கண்டது.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில் 'ஒரு சபலம்' என்பதே. ஒரே அங்கம், ஒரே அறை, ஒரே மாலைப் பொழுது. மனைவி கணவனுக்காக ரகசியமாகச் சிவப்புப் பணப்பை ஒன்றைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். அவள் அதைக் கொடுக்க நினைக்கும் வேளையில், வேறொரு பெண் பரிசளித்த நீலப் பையோடு அவன் வந்து நிற்கிறான். அந்த இரண்டு பைகளும் கைமாறுவதைக் கவனித்துப் படியுங்கள். அதை முடித்தபின் 'காதலோடு விளையாடலாகாது', அதற்கும் பிறகு 'லொரென்ஸாச்சோ' என்ற வரிசையில் சென்றால், அந்தப் பெரிய நாடகத்துக்குள் நுழையும்போது முஸ்ஸேயின் குரல் உங்களுக்குப் பழகியிருக்கும்.